லேபிள் அக்காவின் குறிச்சொற்கள்

அத்தியாயம் 9

போன வாரம் லேபிள் அக்கா ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் படுத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினாள். பாவம், தூங்கட்டும் என்று நாமும் விட்டுவிட்டோம்.

லேபிள் அக்கா என்பது வீட்டில் வைத்த பெயர். நகர நூலகத்தின் பட்டியல் பிரிவில் வேலை. புதிதாக வரும் புத்தகம் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, அது எதைப் பற்றியது, எந்த ஊரைப் பற்றியது, எந்தத் தொழிலைப் பற்றியது என்று குறித்து வைப்பாள். தேடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அவளுக்கு இதுதான் வேதம்.

அந்த வேதம் சமையலறைக்கும் வந்தது. டப்பாவில் வெறும் ‘உப்பு’ என்று இருக்காது. ‘உப்பு – தூள்’, ‘உப்பு – கல்’ என்று இருக்கும். தங்கை மகள் வாலு ஒருநாள் மத்தியானம், குறட்டை விட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவின் நெற்றியில் ‘பெரியம்மா – தூங்குவது’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனாள். மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மூன்று பேர்தான் அந்த வீட்டில். கல்யாணம் செய்துகொள்ளாத லேபிள் அக்கா. மணிக்கூண்டுத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கை. கல்லூரியில் படிக்கும் வாலு. தங்கையின் கணவன் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வெளியே போனவன் திரும்பவில்லை. வேறொருத்தியோடு எங்கேயோ கண்காணாத தேசத்தில் இருக்கிறான் என்பது வீட்டுக்குள் பேச்சு. கப்பலில் வேலை என்பது வெளியே சொல்லும் பேச்சு. அன்றைக்கு மூட்டை கட்டிக்கொண்டு தங்கை வீட்டு மாடிக்குக் குடிவந்தவள்தான் அக்கா.

அவன் கண்காணாத தேசத்தில் இல்லை. இதே ஊரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். அது லேபிள் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதாவது, போன வாரம் வரைக்கும்.

சனிக்கிழமை மத்தியானம், காலையில் தொடங்கிய பயிற்சி வகுப்பின் ஐந்தாவது வாரம். எல்லாக் கிளை நூலகங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து மாடிக் கூடத்தில் கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். இனி நூலகம் மக்களைத் தேடி இணையத்துக்குப் போக வேண்டும், அதனால் எல்லோரும் வலைப்பூ எழுதப் பழக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பாடம் எடுக்கிறவருக்கு ஸ்லைடு என்று பெயர் வைத்திருந்தார்கள். வணக்கம் சொல்வதற்குக்கூட அவர் ஒரு ஸ்லைடு வைத்திருந்தார்.

போன வார வீட்டுப்பாடம்: ‘மனசை அழுத்தும் ஒரு விஷயத்தை எழுதுங்கள். பொருத்தமான குறிச்சொற்கள் போடுங்கள்.’

“குறிச்சொல்னா என்னன்னு நான் ரெண்டு வாரமா கத்திட்டிருக்கேன்,” என்றார் ஸ்லைடு. “சிலர் ‘பொது’ன்னு போட்டிருக்கீங்க. சிலர் ‘வாழ்க்கை’ன்னு போட்டிருக்கீங்க. வாழ்க்கைன்னு போட்டா யாருங்க கண்டுபிடிப்பாங்க? இதோ, இதைப் பாருங்க. போட்டா இப்படிப் போடணும்!”

திரையில் ஒரு பக்கம் விரிந்தது. தலைப்பு: ‘சனிக்கிழமை வாசகர்.’

லேபிள் அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். அவள் எழுதியது.

‘கிளை நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை எனக்குப் பணி. நாலு மணிக்கு ஒருவர் சின்னப் பையனோடு படப் புத்தகம் எடுக்க வருவார். அவர் என் தங்கையின் கணவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பையன் மறைக்கவில்லை. அவனுக்கு என் தங்கை மகளின் ஜாடை. இரண்டு வருஷமாக முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.’

அதற்கு மேலும் ஒரு பக்கத்துக்கு இருந்தது. யார் பேரும் இல்லை. பேர் போடாத வரைக்கும் தப்பில்லை என்று நினைத்திருந்தாள். ஆனால் கீழே குறிச்சொற்கள் வரிசையாக நின்றன: தையல் கடை. மணிக்கூண்டுத் தெரு. கப்பல் வேலை. பிரிந்த கணவர். ரயில்வே கேட் கிளை நூலகம். சனிக்கிழமை. படப் புத்தகம். பொருள், இடம், தொழில், காலம் என்று ஒன்றையும் அவள் விட்டு வைக்கவில்லை.

எழுந்து நின்றாள். “சார், இது உங்களுக்கு மட்டும்தானே?”

“எது மேடம்?”

“நான் எழுதினது. நீங்க பார்த்துச் சரின்னு சொன்னப்புறம்தானே வெளியில போகும்?”

அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பட்டியல் பிரிவில் அவள் தட்டச்சு செய்யும் எதுவும் நேராக வாசகர் கண்ணுக்குப் போகாது. பிரிவுத் தலைவர் சரிபார்த்து விடுவிக்கும் வரை காத்திருக்கும். இத்தனை வருஷமாக அவள் அழுத்திய ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் இன்னொருவர் இருந்தார். ‘வெளியிடு’ என்ற பொத்தானுக்குப் பின்னாலும் ஸ்லைடு இருப்பார் என்று நம்பினாள். திருத்துகிற மனுஷன் முன்பின் தெரியாதவர், அவரிடம் ஒரு தடவை கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்றுதான் எழுதினாள்.

“யார் சரி பார்க்கறது?” ஸ்லைடு சிரித்தார். “நீங்க அழுத்தின நிமிஷமே உலகம் பூராப் போயிடுச்சு. நூத்துக்கணக்கானவங்க படிச்சாச்சு. ‘மணிக்கூண்டுத் தெரு தையல் கடை’ன்னு தேடிப் பாருங்க, முதல்ல வந்து நிக்கறது நீங்கதான்! எல்லாரும் ஒரு கை தட்டுங்க.”

தட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள். அவள் மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அழிச்சிடறேன் சார். இப்பவே.”

“தாராளமா அழிங்க. ஆனா இன்னைக்குப் பாடமே அதுதான்.” அடுத்த ஸ்லைடு வந்தது. “சந்தா! உங்க வலைப்பூவுக்குச் சந்தா சேர்ந்தவங்களுக்கு நீங்க எழுதறது தானாப் போய்ச் சேரும். அப்புறம் இங்க நீங்க அழிச்சாலும் அங்க போனது போனதுதான்.”

கைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கையிடமிருந்து இரண்டே வார்த்தை. ‘கடைக்கு வா.’

அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை.

மணிக்கூண்டுத் தெருவில் சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். தையல் கடையில் மட்டும் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. லேபிள் அக்கா குனிந்து உள்ளே போனாள்.

தங்கை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஓட்டவில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

“பாங்க்கம்மா வந்திருந்தாங்க,” என்றாள். அவளுடைய பழைய வாடிக்கைக்காரி, பாங்க்கில் வேலை பார்க்கிறவர். “இடுப்பளவு எடுத்துட்டிருந்தேன். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே கேக்கறாங்க. ‘உங்க வீட்டுக்காரர் கப்பல்ல இல்லையாமே, ரயில்வே கேட்டுப் பக்கம்தான் இருக்காராமே, பையன் வேற இருக்கானாமே’ன்னு. நான் டேப்பைப் பிடிச்சபடி நிக்கறேன். அளவு மறந்து போச்சு. மறுபடி எடுத்தேன். மறுபடியும் மறந்து போச்சு. இணையத்துல நீ எழுதினதை ஒண்ணுவிடாம ஒப்பிச்சிட்டுப் போனாங்க.”

“நான் வேணும்னு செய்யலை. அது வெளியில போகும்னு எனக்குத் தெரியாது. அந்த வாத்தியார் மட்டும்தான்…”

“வாத்தியார்கிட்ட சொல்லலாம். எனக்குச் சொல்லக் கூடாது?”

லேபிள் அக்கா கைப்பை வாரைப் பிடித்துத் திருகினாள்.

“ஊருக்குச் சொன்னதுகூட எனக்குப் பெரிசில்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டிருந்தோம், என்னைக்காவது தெரியத்தான் போகுது. ஆனா ரெண்டு வருஷம்! ராத்திரி என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியே. அவன் செத்தானா பிழைச்சானான்னு நான் புலம்பறப்போ என் முதுகைத் தடவிக் கொடுத்தியே. அந்தக் கையாலதான் அவனுக்கு முத்திரை குத்திக் கொடுத்திட்டு வந்தியா?”

“முதல் தடவை அவரைப் பார்த்த அன்னைக்குத்தான் நீ திரும்ப மெஷின்ல உக்காந்தே. சாயங்காலம் வந்து பார்த்தா, பாட்டுப் பாடிட்டுத் தைச்சிட்டிருக்கே. எப்படிடி சொல்றது?”

“மறுநாள் சொல்லியிருக்கலாம்.”

“வாசகர் என்ன எடுக்கறார், எப்ப வர்றார்னு நாங்க வெளியில சொல்லக் கூடாது. அது நூலகத்து விதி.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று புரிந்தது. தங்கை சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“விதியா? சரி, உன் விதிப்படியே கேக்கறேன். அந்தப் பையனுக்கு என்ன வயசு?”

“வேண்டாமே.”

“சொல்லு. இல்லே, அதையும் பாங்க்கம்மாகிட்டயே கேட்டுக்கவா?”

“நாலு ஆகப் போகுது.”

தங்கை மெஷின் மேல் கிடந்த துணியை எடுத்தாள். மடித்தாள். விரித்து மறுபடி மடித்தாள். கணக்குப் போட அவளுக்கு விரல் தேவைப்படவில்லை.

“அப்போ இங்கே இருந்தப்பவே,” என்றாள் மெல்ல. “என் கையால தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டே.”

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, “கடை இல்லையாம்மா?” என்று கேட்டார்கள். தட்டியவர் போய்விட்டார்.

“வாலுவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் லேபிள் அக்கா.

“தெரியாது. தெரியக் கூடாது. சாயங்காலம் வரட்டும், நானே பக்குவமாச் சொல்றேன். அந்தப் பையன் விஷயம் மட்டும் வேண்டாம். அப்பான்னா அவளுக்கு இன்னைக்கும் உயிர். எங்கேயோ கண் காணாத இடத்துல இருக்கான்னு நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டிருக்கா. ஒரு பஸ் தூரத்துல இருக்கான்னு தெரிஞ்சா? தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. இவளும் அங்கே போயிட்டா எனக்கு யாரு இருக்கா?”

‘நான் இருக்கேன்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வார்த்தைக்கு இன்றைக்கு விலை இல்லை என்று லேபிள் அக்காவுக்கே தெரிந்தது.

“காலையில எங்கே போறேன்னு சொல்லிட்டுப் போனா?”

“கல்லூரிக்கு. நேத்துப் பூரா கம்ப்யூட்டர்தான். இந்தக் கடைக்கு இணையத்துல ஒரு பக்கம் போடப் போறாளாம். இப்பல்லாம் யாரும் தெருத் தெருவாக் கடை தேடறதில்லைம்மா, எல்லாரும் கம்ப்யூட்டர் உள்ளேதான் தேடறாங்கன்னு எனக்குப் பாடம் எடுத்தா. முதல்ல நம்ம கடை எங்கேயாவது வருதான்னு தேடிப் பாக்கறேன்னு…”

தங்கை பாதியில் நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே எழுதி ஒட்டியிருந்தது.

போனை எடுத்து மகளுக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பப் போட்டாள். திரும்பவும் அதே.

“டப்பா டப்பாவா லேபிள் ஒட்டினே, சிரிச்சோம்,” என்றாள். குரல் உயரவே இல்லை. “கடைசியில என் நெத்தியிலயும் ஒட்டிட்டே. என் பொண்ணு நெத்தியிலயும் ஒட்டிட்டே. போ. என் கண் முன்னாடி நிக்காதே. சாயங்காலம் வீட்டுப் பக்கம் வராதே.”

“நான் எங்கேடி போவேன்?”

“அந்த வாத்தியாரைக் கேளு.”

தெருவில் வந்து நின்றபோது லேபிள் அக்காவுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நூலகத்துக்கே திரும்பி நடந்தாள். நடக்க நடக்க வாலுவின் எண்ணுக்கு அவளும் போட்டுப் பார்த்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னோடு போகிறது. இவள் மூன்று பேரைக் கெடுத்திருந்தாள்.

வகுப்பு முடிந்து மாடிக் கூடம் காலியாக இருந்தது. எழுதியதை அழிப்பதற்காக உட்கார்ந்தாள். வலைப்பூவின் உள்பக்கத்தைத் திறந்தபோது, இதுவரை கவனிக்காத ஒரு மூலையில் சின்னச் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. ‘உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பின்னூட்டங்கள்.’

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் எழுதியதை ஒப்புதல் இல்லாமல் உலகத்துக்கே காட்டிய இயந்திரம், மற்றவர்கள் எழுதியதை மட்டும் அவளுடைய ஒப்புதலுக்காகப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது.

திறந்தாள். முன்பின் தெரியாத யாரோ ‘அருமை’ என்று எழுதியிருந்தார்கள். வேறு யாரோ ‘தங்கையிடம் சொல்லிவிடுங்கள், ப்ளீஸ்’ என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒன்று, நேற்று ராத்திரி வந்தது. படிக்க ஆரம்பித்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது.

‘பெரியம்மா, அம்மா கடை இணையத்துல வருதான்னு தேடினேன். நீங்க வந்தீங்க. அந்தப் பையனுக்கு என் ஜாடைன்னு எழுதியிருக்கீங்க. என்கிட்ட மட்டும் ஒரு நாள்கூட சொல்லலை. எந்த நூலகம், எந்தக் கிழமை, எத்தனை மணின்னு எல்லாம் தெளிவா எழுதியிருக்கீங்க. நன்றி.’

கீழே இரண்டு பொத்தான்கள். ‘அனுமதி.’ ‘நீக்கு.’

நேற்று ராத்திரி மாடியில் இவள் படுத்திருந்தாள். கீழ் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து, ‘பிள்ளை படிக்குது’ என்று நினைத்துக்கொண்டாள். காலையில் அதே பிள்ளை தட்டை வாங்கிக்கொண்டு, ‘வகுப்புக்கு நேரமாச்சு பெரியம்மா, கிளம்புங்க’ என்று சொன்னது. முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே காட்டாமல் இருக்க அதற்கு யார் கற்றுக்கொடுத்தது என்று லேபிள் அக்காவுக்குத் தெரியும்.

சுவரைப் பார்த்தாள். மணி நாலாகப் போகிறது. பஸ் பிடித்துப் போனால் வெள்ளம் வந்த பிறகு அணை போட்ட கதைதான். மேஜை மேல் இருந்த போனை இழுத்துக் கிளை நூலகத்துக்குப் போட்டாள். கவுண்டரில் இருப்பவர் எடுத்தார்.

“நான்தான், பட்டியல் பிரிவு. அங்கே ஒரு பொண்ணு வந்திருக்காளா? காலேஜ் பொண்ணு, ஒல்லியா, தோள்ல நீலப் பை.”

“ஆமா, வந்திருக்கே. குழந்தைகள் பகுதியில அந்தக் குட்டி நாற்காலியில உக்காந்திருக்கு. ரொம்ப நேரமா ஒரே படப் புத்தகத்தைப் புரட்டிட்டிருக்கு. உங்களுக்கு வேண்டியவங்களா?”

“அவளைக் கொஞ்சம் போன்கிட்ட கூப்பிடுங்க. சீக்கிரம்!”

“இருங்க, வாசல்ல ஆள் வருது… நம்ம சனிக்கிழமைக்காரர்தான், பையனைக் கூட்டிட்டு. திருப்பற புத்தகத்தை வாங்கிட்டுக் கூப்பிடறேன்.”

“வேண்டாம், முதல்ல அவளை…”

அவர் ரிசீவரைக் கவுண்டர் மேல் வைத்துவிட்ட சத்தம் கேட்டது.

“அவ எங்கே?”

லேபிள் அக்கா திரும்பினாள். கூடத்து வாசலில் தங்கை நின்றாள். ஓடி வந்திருக்கிறாள். மூச்சு இரைத்தது. அளவு டேப் இன்னும் கழுத்திலேயே கிடந்தது.

“கல்லூரிக்குப் போகவே இல்லையாம். கூடப் படிக்கிறவங்களை எல்லாம் கேட்டாச்சு. அவ எங்கே போனான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அரை மணி நேரத்தில் வாலுவே வீட்டுக்கு வந்துவிடலாம், ஒன்றும் நடக்காமல்கூடப் போகலாம். இரண்டு வருஷமாக அப்படித்தான் ஒவ்வொரு நாளையும் லேபிள் அக்கா தள்ளிக்கொண்டு வந்தாள்.

“தெரியும்,” என்றாள்.

திரையைத் தங்கை பக்கம் திருப்பினாள். தங்கை நின்றபடியே படித்தாள். கடைசி வார்த்தைக்கு வந்ததும் உதடு ஒரு முறை அசைந்தது. லேபிள் அக்கா ரிசீவரை நீட்டினாள்.

“கிளை நூலகம். அவரும் வந்துட்டார். இப்பத்தான். உனக்குத்தான் முதல்ல சொல்றேன்.”

தங்கை அதைக் காதில் வைத்தாள். நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் லேபிள் அக்காவுக்கே லேசாகக் கேட்டது. ஒரு குழந்தை எதையோ கேட்டது. அப்புறம் இன்னொரு குரல், வாலுவின் குரல், என்னவோ பதில் சொன்னது.

“அழறாளா?” என்று கேட்டாள் லேபிள் அக்கா. “சண்டை போடறாளா? என்னடி நடக்குது, சொல்லேன்!”

தங்கை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“சிரிக்கறா,” என்றாள். “நாலு வருஷத்துல நான் இப்படிக் கேட்டதே இல்லை. என் பொண்ணு சிரிக்கறா.”